அடுப்பை அணைத்த பின் வேகும் சூப்: குளிர் மாதங்களுக்கு ஒரு வெப்பப் பெட்டி

குளிர் மாதங்களில் மனம் நாடும் உணவுகளுக்குள் ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை நெடுநேரம் வெந்தவை; பயறோ கிழங்கோ தானியமோ கரைந்து கெட்டிப்பட்டவை; கிண்ணத்தில் ஊற்றிய பிறகும் சட்டென்று ஆறிவிடாதவை. அப்படிப்பட்ட உணவுக்கு நேரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த நேரம் முழுவதும் நெருப்பும் வேண்டுமா என்ற கேள்விதான் இந்தச் செய்முறையைத் தொடங்கிவைத்தது. கொண்டைக்கடலை, பார்லி, உருளைக்கிழங்கு, கேரட் ஆகியவை சேர்ந்த ஒரு கெட்டி சூப்பை அடுப்பில் கொதிக்கவைத்து எடுத்து, மீதி வேக்காட்டை ஒரு பெட்டிக்குள் பாத்திரத்தின் சொந்தச் சூட்டிலேயே முடிப்பது என்று திட்டமிட்டேன். நன்றாகவே வேகிறது. இடைவிடாமல் கொதித்த சூப்பைவிடச் சுவையிலும் பதத்திலும் இது ஒரு படி மேல் என்றே சொல்வேன். அதற்கான காரணங்களையும் பெட்டியைச் செய்த விதத்தையும் கீழே எழுதியிருக்கிறேன்.

இது புதிய உத்தி அன்று. வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் கொதிக்கும் பாத்திரத்தை மூடிவைக்கும் வழக்கம் பழையது. நார்வேயைச் சேர்ந்த இத்தகைய சமையல் பெட்டி ஒன்று 1867இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. எரிபொருள் அரிதாக இருந்த உலகப்போர்க் காலங்களில் பிரிட்டனில் வைக்கோல் பெட்டிச் சமையல் பரவலாக ஊக்குவிக்கப்பட்டது. 1892இல் ஜேம்ஸ் டூவர் உருவாக்கிய வெற்றிடக் குடுவையின் வழிவந்த இரட்டைச் சுவர்ச் சமையல் பாத்திரங்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கினாலும் இதே வேலை நடக்கும். ஆயினும் கையால் செய்த பெட்டிக்கு ஒரு வசதி உண்டு: ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் பெரிய பாத்திரத்தின் அளவுக்கு அதைச் செய்துகொள்ளலாம்.

இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். நான்கு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 1,340 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே நீரில் ஒரே ஒரு லிட்டரை ஆவியாக்குவதற்கோ 2,260 கிலோஜூல் வரை செலவாகிறது. திறந்த பாத்திரத்தில் சூப் தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும்போது அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏறுவதில்லை. நாம் கொடுக்கும் கூடுதல் நெருப்பெல்லாம் நீராவியாக வெளியேறிவிடுகிறது. வாசனையில் ஒரு பங்கும் அத்துடன் சேர்ந்து போய்விடுகிறது. கடலை வேக வேண்டுமானால் அது போதுமான சூட்டில் போதுமான நேரம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குமிழி பொங்குவதால் அது விரைவாக வெந்துவிடுவதில்லை. மாறாக, கிழங்குத் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி விளிம்பு சிதைவதும் அடிப்பிடிப்பதும்தான் அந்தப் பொங்கலால் வருகின்றன.

பெட்டிக்கு நான் எடுத்துக்கொண்டது தடித்த ஒட்டுப்பலகைப் பெட்டி. உறுதியான அட்டைப்பெட்டி இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாலும் போதும். பாத்திரத்தைச் சுற்றி எல்லாப் பக்கங்களிலும், அடியிலும் மேலும்கூட, குறைந்தது பத்து சென்டிமீட்டர் தடிமனுக்குக் காப்புப் பொருள் இருக்குமாறு பெட்டியின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காப்பைத் தருவது உண்மையில் கம்பளியோ வைக்கோலோ அன்று. அவற்றின் இழைகளுக்கிடையே அசையாமல் சிக்கிக்கொண்டிருக்கும் காற்றுதான். அசையாத காற்று வெப்பத்தைக் கடத்துவதைப் போல இருபது மடங்குக்கும் மேலாக நீர் கடத்துகிறது. ஆகவே திணிப்புப் பொருளை இறுக்கி அடைத்துக் காற்றை வெளியேற்றவும் கூடாது, அதில் ஈரம் ஏறவும் விடக்கூடாது. பழைய கம்பளிப் போர்வைகளை நீளவாட்டில் கீறிச் சுருட்டிப் பக்கங்களில் நிறுத்தினேன். இடைவெளிகளில் கசக்கிய செய்தித்தாள்களைத் தளர்வாக நிரப்பினேன். மேல்பக்கத்துக்குப் பருத்தித் துணியில் உறை தைத்து, உள்ளே பஞ்சடைத்து, பெட்டியின் வாயைவிடச் சற்றுப் பெரிதான ஒரு திண்டு செய்தேன். இந்தத் திண்டில் சிக்கனம் காட்டாமல் இருப்பது நல்லது. சூடான காற்று மேலே ஏறுவதால், மூடியின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தாலும் பக்கங்களில் செய்த வேலையெல்லாம் வீணாகும்.

பெட்டியின் உட்புறத்தில் அலுமினியத் தாளைப் பளபளப்பான பக்கம் பாத்திரத்தை நோக்கி இருக்குமாறு ஒட்டினேன். அடியில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய உடனே பாத்திரத்தின் அடிப்பகுதி உள்ளே இருக்கும் நீரைவிடச் சூடாக இருக்கும். தெர்மகோல் பலகையின் மீது நேராக வைத்தால் அது இளகிவிடும். ஏறக்குறைய 100 டிகிரியிலேயே அந்தப் பொருள் மென்மையாகத் தொடங்குகிறது. எனவே ஒரு மரப்பலகை, அதன்மேல் மடித்த தடித்த பருத்தித் துணி என்று வைத்தேன். பாத்திரத்தை இறக்கி ஒரு நிமிடம் தரையில் வைத்து, அடியைத் துடைத்து, தீப்பொறியோ கரித்துகளோ ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்த பிறகே உள்ளே இறக்குகிறேன்.

பாத்திரம் கனமானதாக, மூடி அழுத்தமாகப் பொருந்துவதாக, நீண்ட கைப்பிடி இல்லாததாக இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஐந்து லிட்டர் கொள்ளளவுள்ள, அடி கனத்த எஃகுப் பாத்திரம். அதில் நான்கு லிட்டருக்குக் குறையாமல் சமைக்கிறேன். கொஞ்சமாகச் சமைப்பதற்கு இந்த முறை ஏற்றதன்று. பாதி நிரம்பிய பாத்திரத்தில் இருப்பில் உள்ள வெப்பம் பாதியாகிறது, ஆனால் வெப்பம் வெளியேறும் பரப்பு அதே விகிதத்தில் குறைவதில்லை.

சூப்புக்கு முன் வெறும் நீரை வைத்துப் பெட்டியைச் சோதிப்பது அவசியம். கொதிக்கும் நீரை நான்கு லிட்டர் அளவுக்கு உள்ளே வைத்து, கம்பி முனையுள்ள சமையல் வெப்பமானியை மூடியின் துளை வழியே செருகி, பெட்டியைத் திறக்காமலே அளவுகளைக் குறித்தேன். முதல் அரை மணி நேரத்தில் சூடு சற்று வேகமாக இறங்கியது. காப்புப் பொருளே முதலில் சூடேற வேண்டியிருப்பதால் இது இயல்பு. அதன் பிறகு இறக்கம் நிதானப்பட்டு, நான்கு மணி நேர முடிவில் 82 டிகிரியும் எட்டு மணி நேர முடிவில் 67 டிகிரியும் காட்டியது. இரண்டு லிட்டர் நீரை வைத்தபோது அதே நான்கு மணி நேரத்தில் 71 டிகிரிக்கு வந்துவிட்டது. இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே நெடுநேரம் கிடந்தால் அதில் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும். கொதிக்கவைத்தாலும் அழியாத வித்துகளை (ஸ்போர்) உருவாக்கும் பாக்டீரியாக்களும் அவற்றுள் உண்டு. நம் பெட்டி எத்தனை மணி நேரம் அந்த எல்லைக்கு மேலே தாங்கும் என்பதை அறிந்துகொண்டு, அதற்கு முன்பே பாத்திரத்தை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இனி சூப். கொண்டைக்கடலை 300 கிராம், தீட்டிய பார்லி 80 கிராம், உருளைக்கிழங்கு 400 கிராம், கேரட் 250 கிராம், வெங்காயம் 400 கிராம், ஒரு முழுப் பூண்டு, எண்ணெய் 40 மில்லிலிட்டர், நீர் இரண்டரை லிட்டர். கடைசியில் சேர்க்க மூன்று தக்காளி, மிளகு, எலுமிச்சை. வழக்கமான சமையலுக்கு ஊற்றுவதில் முக்கால் பங்கு நீர் போதும். பெட்டிக்குள் எதுவும் வற்றுவதில்லை.

கடலையை ஊறவைப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முதல் நாள் இரவே ஒரு லிட்டர் நீருக்குப் பதினைந்து கிராம் உப்பு கலந்து அதில் ஊறப்போட்டேன். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பலர் நம்புகிறார்கள்; ஊறும் நீரைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. தோலை இறுக்கமாகப் பிணைத்துவைத்திருக்கும் பெக்டினில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கின்றன; உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தில் நுழைந்து அந்தப் பிணைப்பைத் தளர்த்துகிறது. காலையில் பார்க்கும்போது கடலை இரண்டு மடங்கு எடையாகி, தோலில் சுருக்கமின்றி, விரலால் அழுத்தினால் இரண்டாகப் பிளந்தது. பிளந்த பருப்பின் நடுப்பகுதியும் ஓரமும் ஒரே நிறத்தில் இருந்தால் உள்வரை நீர் இறங்கிவிட்டது என்று பொருள். நடுவில் மட்டும் வெளிறிய, உலர்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு நன்றாகக் கழுவிக்கொண்டேன். கடின நீர் வரும் இடங்களில், அதிலுள்ள கால்சியமே கடலையை வேகவிடாமல் தடுக்கும். அங்கே ஊறும் நீரில் இரண்டு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். அதற்கு மேல் போட்டால் சோப்புச் சுவை வந்துவிடும். வெகுநாள் அலமாரியில் கிடந்த பழைய கடலைக்கு எந்த உத்தியும் முழுப் பலன் தராது.

வெங்காயத்துக்கு நான் தயங்காமல் அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். குளிர்கால சூப்புக்கு ஆழத்தைத் தருவது மசாலாப் பொருள்களைவிட நன்றாகச் சிவந்த வெங்காயம்தான். அதில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அந்த நீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும்; சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து நிறமும் மணமும் உண்டாக்கும் மயில்லார்ட் வினையோ 140 டிகிரியை நெருங்கும்போதுதான் மும்முரமாகிறது. எனவே மெல்லிய நெடுந்துண்டுகளாக நறுக்கி, எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்புடன் போட்டு, முதலில் மூடிவைத்து நீர் விடச்செய்து, பிறகு மூடியை எடுத்து அந்த நீர் வற்றும்வரை நிதானமாகக் கிளறினேன். சலசலப்பு மெல்ல அடங்கி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரண்டியின் பின்னால் ஒரே திரளாக நகரத் தொடங்கும். நிறம் பொன்னிலிருந்து செம்பழுப்புக்கு மாறுவது அதற்குப் பிறகுதான். பாத்திரத்தின் அடியில் படியும் பழுப்புப் படலத்தைச் சிறிது நீர் தெளித்துச் சுரண்டி வெங்காயத்தோடே சேர்த்துக்கொள்ள வேண்டும். சூப்பின் நிறமும் மணமும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. நசுக்கிய பூண்டைக் கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டும் போட்டேன். முன்கூட்டியே போட்டால் அது கருகிக் கசக்கும்.

அடுத்து கடலையையும் நீரையும் சேர்த்து, மூடி போட்டு, முழுத்தீயில் கொதிநிலைக்குக் கொண்டுவந்தேன். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேலே எழுந்த நுரையை அகற்றி, இருபத்தைந்து நிமிடம் சிறு கொதியில் வைத்தேன். காய்களையும் பார்லியையும் தொடக்கத்திலேயே குளிர்ந்த நீரில் போட்டு மெல்லச் சூடேற்றுவதை நான் விரும்புவதில்லை. காய்களின் செல்சுவரில் உள்ள ஒரு நொதி 55 முதல் 65 டிகிரி வரையிலான சூட்டில் சுறுசுறுப்பாக இயங்கிப் பெக்டினை இறுக்கிவிடும். பின்னர் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கேரட்டின் நடுவில் ஒரு விறைப்பு எஞ்சும். கொதிக்கும் சூப்பில் நேரே போட்டால் அந்த இடைநிலையை அவை விரைவாகக் கடந்துவிடுகின்றன. ஆகவே பார்லியை முதலிலும் சற்றுப் பெரிதாக நறுக்கிய காய்களை அதன் பின்னரும் கொதியில் சேர்த்து, எல்லாம் மீண்டும் நன்றாகக் கொதித்த பிறகு மேலும் பத்து நிமிடம் வைத்தேன். உப்பை இப்போதே போட்டுவிடலாம். தக்காளியை மட்டும் இந்தக் கட்டத்தில் அண்டவிடவே கூடாது. புளிப்பு பெக்டினைக் கரையவிடாமல் காக்கும் தன்மையுடையது, கடலை அப்படியே நின்றுவிடும்.

மூடியைத் திறக்காமல் தீயை அணைத்து, மூடியின் மேல் உலர்ந்த துணியைப் போர்த்தி, பாத்திரத்தைப் பெட்டிக்குள் இறக்கி, திண்டை அழுத்தி, பெட்டியின் மூடியைக் கட்டினேன். அந்தத் துணிக்கு வேலை உண்டு. மூடியின் ஓரத்தில் கசியும் ஆவியை அது வாங்கிக்கொள்வதால் கம்பளி நனைவதில்லை. இதற்குப் பிறகு இடையில் திறந்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ள வேண்டும். திறந்தால் ஆவியாகப் போகும் வெப்பத்தை ஈடுசெய்யப் பெட்டிக்குள் நெருப்பு இல்லை.

ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தபோது வெப்பமானி 76 டிகிரி காட்டியது. வெறும் நீரைவிடக் கெட்டியான சூப் சற்றுச் சூடாகவே இருந்ததில் வியப்பில்லை. நீர்மம் கெட்டிப்பட்டால் உள்ளே சுழன்று ஓடி வெப்பத்தை ஓரத்துக்குக் கொண்டுசெல்வது குறைகிறது. ஒரு கடலையை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே வைத்து அழுத்தினேன். பல் படாமலே மாவாக மசிந்தது, ஆனால் கிண்ணத்தில் இருக்கும்வரை தோல் உரியாமல் முழு உருவத்தோடு இருந்தது. இடைவிடாத கொதியில் இந்த இரண்டும் ஒருசேரக் கிடைப்பது அரிது. உருளைக்கிழங்குத் துண்டுகளின் முனைகள் கூர்மை குலையாமல் இருந்தன. பார்லி நன்றாக விரிந்து, அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து நீரில் கரைந்து, சூப்புக்கு மாவு கரைத்து ஊற்றாமலே வழவழப்பான கெட்டித்தன்மையைத் தந்திருந்தது. கரண்டியைத் தூக்கிச் சாய்த்தால் அது சொட்டாமல் மெல்லிய பட்டையாக இறங்கியது.

முடிப்பதற்கு மீண்டும் அடுப்பு தேவை, ஆனால் கால் மணி நேரத்துக்கு மட்டும். சூப்பைக் கொதிக்கவைத்து, பொடியாக நறுக்கிய தக்காளியைச் சேர்த்தேன். கடலை ஏற்கெனவே வெந்துவிட்டதால் புளிப்பு இனி அதற்குத் தடையில்லை. ஒரு கரண்டிக் கடலையையும் கிழங்கையும் பாத்திரத்தின் ஓரத்திலேயே மசித்துக் கலந்துவிட்டேன். அப்போதே இடித்த மிளகைத் தீயை அணைத்த பிறகே போட வேண்டும். அதன் காரம் கொதியைத் தாங்கும், மணம் தாங்காது. அந்தக் காரத்தைத் தரும் பைப்பரின், சூட்டை உணரும் நரம்பு முனைகளையே தூண்டுகிறது. மிளகு சேர்ந்த சூப் அதன் வெப்பநிலைக்கு மேலாகவே நம்மைச் சூடேற்றுவதாகத் தோன்றுவது அதனால்தான். கடைசியாகச் சில துளி எலுமிச்சைச் சாறு.

பரிமாறும் கிண்ணத்தையும் சமையலின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். குளிர்ந்த பீங்கான் கிண்ணம் ஊற்றிய உடனேயே சூப்பின் சூட்டில் கணிசமான பங்கை உறிஞ்சிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றி இரண்டு நிமிடம் வைத்துக் கொட்டிய கிண்ணம் அப்படிச் செய்வதில்லை. மேலே ஒரு கரண்டி வெண்ணெய் அல்லது எண்ணெய் விடுவது சுவைக்காக மட்டுமன்று. அது படலமாகப் பரவி ஆவியாதலைத் தடுக்கிறது. சூடான திரவம் ஆறுவதற்கு ஆவியாதலே பெரும் காரணம். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 65 டிகிரிக்கு மேற்பட்ட மிகச் சூடான பானங்களை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகையில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சேர்த்தது. 60 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்த சூப்பில் சுவைகளும் தெளிவாகத் தெரிகின்றன.

கொண்டைக்கடலைக்குப் பதிலாகச் சிவப்புக் கிட்னி பீன்ஸ் போட நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அதில் ஃபைட்டோஹீமக்ளுட்டினின் என்ற நச்சுப் புரதம் அதிகம். 80 டிகிரி போன்ற மிதமான சூட்டில் அது அழிவதில்லை; அரைகுறையாகச் சூடேற்றப்பட்ட பீன்ஸ் பச்சை பீன்ஸைவிடவும் தீங்கு செய்யக்கூடும். கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். எனவே அதைக் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் முழுக் கொதியில் முப்பது நிமிடம் வைத்த பின்னரே பெட்டிக்கு அனுப்பலாம். இறைச்சி சேர்ப்பவர்களுக்கு இந்தப் பெட்டி மிகவும் பொருந்தும். கடினமான தசைகளில் உள்ள கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் மெல்ல ஜெலட்டினாக இளகுவதால், நார் வறண்டு போகாமல் மிருதுவாகிறது. ஆனால் துண்டுகள் சிறியவையாக இருந்து, நடுப்பகுதிவரை கொதிசூடு ஏறிய பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

உயரமான மலைப்பகுதிகளில் இதே அளவுகளை அப்படியே பின்பற்ற முடியாது. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் கொதிநிலை ஒரு டிகிரி குறைவதால், 2,000 மீட்டரில் பாத்திரம் 93 டிகிரியிலேயே பெட்டிக்குள் நுழைகிறது. அங்கே கடலையை அடுப்பில் இன்னும் இருபது நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிடுவதும், பெட்டியில் ஐந்தாவது மணி நேரத்தில் ஒருமுறை எடுத்து மீண்டும் கொதிக்கவைத்து உள்ளே வைப்பதும் பயன் தரும்.

மீந்த சூப்பைப் பெட்டியிலேயே விட்டுவைப்பது ஆபத்து. அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். மறுநாள் அது கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியிருக்கும். ஆறும்போது ஸ்டார்ச் இழைகள் மீண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து நீரைப் பிடித்துக்கொள்வதே காரணம். அப்போது ஒரு கோப்பை வெந்நீர் விட்டு, அடியோடு கிளறி, நடுப்பகுதியும் 75 டிகிரியைத் தாண்டும்வரை சூடேற்றினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். உப்பை அதன் பிறகு சுவைத்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். எலுமிச்சையைப் புதிதாகவே பிழிய வேண்டும்.